வான்கோழி வேட்டைக்கு எந்த இருக்கை வாங்குவது? உயரத்தில் தொடங்கி உண்ணி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் வசந்த கால வான்கோழி வேட்டையில் சுடும் நேரம் ஒரு நொடி, உட்கார்ந்திருக்கும் நேரம் பல மணி. விடிய முக்கால் மணி இருக்கும்போதே காட்டுக்குள் நுழைந்து, ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து, பெட்டைக் கோழி மாதிரி குரல் கொடுத்துவிட்டு, சேவல் தேடி வரும்வரை ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் சீசன் மே 1 முதல் 31 வரை. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து நண்பகல் வரை சுடலாம். கூட்டிப் பாருங்கள், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் தரையோடு தரையாக இருக்க வேண்டியிருக்கும்.

வான்கோழிக்கு மோப்பம் கிட்டத்தட்ட கிடையாது. எல்லாம் கண்தான். இரு பக்கமும் அமைந்த கண்களால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 270 டிகிரி பார்க்கும், கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் மீதியும் தெரிந்துவிடும். நிறமும் நன்றாகத் தெரியும். பிட்டம் மரத்துப்போய் நீங்கள் ஒருபக்கமாகச் சரியும் அந்த ஒரு அசைவு போதும், ஒரு மணி நேரமாகக் கெஞ்சிக் கூப்பிட்ட சேவல் சத்தமில்லாமல் திரும்பிவிடும். அதனால் இங்கே இருக்கை என்பது சொகுசுச் சாமான் இல்லை.

ஆனால் கடைக்குப் போனதும் பெரும்பாலானோர் செய்வது மெத்தையை விரலால் அமுக்கிப் பார்ப்பது. அது கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது உயரம்.

(இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே விளையாட்டுக்காக வேட்டையாட இடமில்லை, காட்டு வான்கோழியும் இங்கே இல்லை. தரையோடு உட்கார்ந்து பறவைகளைப் படமெடுப்பவர்களுக்கு மெத்தை, சத்தம் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.)

முதல் படி: நடக்கிறீர்களா, ஒரே இடத்தில் இருக்கிறீர்களா?

சேவல் கூவும் திசையைப் பிடித்து மேடு பள்ளம் ஏறி இறங்கி, ஒரு காலையில் நாலைந்து இடம் மாறுபவர் ஒரு ரகம். வயல் ஓரத்தில் சேவலை ஈர்க்கப் பொம்மைக் கோழி ஒன்றை நட்டுவிட்டு ஒரே இடத்தில் காத்திருப்பவர் இன்னொரு ரகம். துணிக் கூடாரத்துக்குள், அதாவது பிளைண்டுக்குள், உட்கார்ந்து ஜன்னல் வழியாகச் சுடுபவர் மூன்றாவது. துப்பாக்கியே மூன்று கிலோவுக்கு மேல். அதோடு தோட்டா, தண்ணீர், பொம்மைக் கோழி. நடக்கிறவர் இருக்கைக்கென்று ஒரு கிலோவுக்கு மேல் ஒதுக்கினால் இரண்டாவது மேட்டிலேயே வருத்தப்படுவார். காத்திருப்பவர் மூன்று கிலோ வரை போகலாம். காரில் இருந்து நூறு மீட்டரில் கூடாரம் போடுபவருக்கு எடை ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாம் படி: உயரக் கணக்கு

வான்கோழிக்குத் தலையையும் கழுத்தையும் குறிவைத்துத்தான் சுட வேண்டும், அதுவும் பொதுவாக 40 கஜத்துக்குள். அறுபது கஜத்தில் முதலில் கண்ணில் படும் சேவல் முப்பது கஜத்துக்கு வந்து சேர கால் மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். அத்தனை நேரம் துப்பாக்கியைக் கையில் மட்டும் தூக்கிப் பிடிக்க யாராலும் முடியாது. அதற்குத்தான் முழங்கால். ஒரு காலை மடக்கி நிறுத்தி, முழங்கால் மேல் துப்பாக்கியின் முன்பகுதியைத் தாங்கி, அடிக்கட்டையைத் தோளில் வைத்தபடியே காத்திருப்பது வழக்கம்.

இங்கேதான் உயரம் வேலையைக் காட்டுகிறது. சராசரி உயரமுள்ள ஆண் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் பிட்டத்தில் இருந்து தோள் வரை ஏறக்குறைய 60 செ.மீ. பாதம் தரையில் ஊன்றிய நிலையில் முழங்கால் உயரம் ஏறக்குறைய 50 முதல் 54 செ.மீ. வெறும் தரையில் உட்கார்ந்தால் தோளுக்கும் முழங்காலுக்கும் வித்தியாசம் ஆறு முதல் பத்து செ.மீ.தான், மரத்தில் சற்றே சாய்ந்தால் அதுவும் குறைந்து, துப்பாக்கி கிட்டத்தட்ட மட்டமாகப் படுத்துக்கொள்ளும். ஐந்து செ.மீ. மெத்தை போட்டாலும் நிலைமை பெரிதாக மாறாது.

இப்போது 25 செ.மீ. உயர நாற்காலியில் உட்காருங்கள். தோள் 85 செ.மீ.க்குப் போய்விட்டது, முழங்கால் அதே 50 சொச்சத்தில்தான் இருக்கிறது. இடைவெளி 30 செ.மீ.க்கு மேல். துப்பாக்கி முழங்காலை எட்டாது. முழங்கையைத் தொடைமேல் ஊன்றிச் சமாளிக்கலாம், அல்லது தனியாக ஒரு தாங்குகோல் வேண்டும். தாங்குகோல் என்றால் சுமக்க இன்னொரு சாமான், திசை மாற்ற இன்னொரு அசைவு.

வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள்:

1. சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருங்கள். துப்பாக்கியின் முன்பகுதியைத் தாங்கும் கைப் பக்கத்து (வலது கைக்காரருக்கு இடது) முழங்காலை நிறுத்துங்கள்.
2. தரையில் இருந்து தோள்குழி வரை ஒரு அளவு, முழங்கால் உச்சி வரை ஒரு அளவு எடுங்கள்.
3. துடைப்பக் கட்டையைத் துப்பாக்கி போலத் தோளில் வைத்து முழங்காலில் தாங்குங்கள். கட்டை மட்டமாக இருக்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.
4. அடியில் மடித்த போர்வையை அடுக்கிக்கொண்டே போய், கட்டை முழங்காலை விட்டு எழும்பும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் இருக்கையின் உச்சவரம்பு அதுதான்.

பலருக்கு இந்த வரம்பு 8 முதல் 12 செ.மீ.க்குள் வரும். கால் நீளமானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

உயரத்துக்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. தலை எவ்வளவு மேலே போகிறதோ, முன்னால் இருக்கும் புதரும் மரத்தின் நிழலும் அவ்வளவு குறைவாகவே உங்களை மறைக்கும். ஆனால் முழங்கால் மூட்டு தேய்ந்தவருக்கும், இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும் இந்தக் கணக்கு செல்லாது. தரையில் இருந்து எழவே முடியாதவர் 25 செ.மீ. நாற்காலியை வாங்கி, தாங்குகோலையும் சேர்த்தே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

கூடாரத்துக்குள் நிலைமை நேர் எதிர். ஜன்னலின் கீழ்விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு மேல் துப்பாக்கிக் குழாய் வர வேண்டும். அங்கே 40 முதல் 45 செ.மீ. உயர நாற்காலிதான் சரி. தரை மெத்தையோடு கூடாரத்துக்குள் போனால் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாம் படி: எந்த வகை?

*தரை மெத்தை.* ஈரத்தை உறிஞ்சாத மூடிய துளை ஃபோமில் செய்தது, சுமார் 35க்கு 40 செ.மீ. எடை அரைக் கிலோவுக்குள், விலை 15 முதல் 30 டாலர். சத்தமில்லை, உடைவதற்கு எதுவுமில்லை. நடக்கிற ரகத்தாருக்கு முதல் தேர்வு இதுதான், எங்கள் கணக்கில் பாதிப் பேருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையே இல்லை. குறை, முதுகுக்கு மரம் கட்டாயம்.

*வெஸ்ட்டோடு வரும் மெத்தை.* வேட்டை வெஸ்ட்டின், அதாவது கையில்லாத மேல்சட்டையின், பின்பக்கம் இரண்டு பக்கிளில் தொங்கும், இறக்கிவிட்டு அப்படியே உட்காரலாம். எழுந்து நடந்தால் மெத்தையும் கூடவே வருவதால் மறந்துவிட்டுப் போகும் பேச்சே இல்லை. ஆனால் மலிவான வெஸ்ட்டில் வரும் மெத்தை இரண்டு செ.மீ. ஸ்பாஞ்சுதான், அரை மணியில் அப்பளம். நடக்கும்போது தொடையில் பட் பட் என்று அடிக்கிறதா, மேலே மடக்கிக் கட்ட காந்தமோ கொக்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். சில வெஸ்ட்களில் முதுகுச் சட்டமும் மடக்குக் காலும் இருக்கும், மரமே இல்லாத புல்வெளியிலும் சாயலாம். அந்த வசதிக்கு இரண்டு, மூன்று கிலோ சுமக்க வேண்டும்.

*தாழ்வான மடக்கு நாற்காலி.* அலுமினியச் சட்டம், வலைத்துணி, 15 முதல் 25 செ.மீ. உயரம். மூன்று, நான்கு மணி நேரம் தொடர்ந்து உட்கார இதைவிட வசதியானது கிடையாது. ஆனால் இதற்கே உரிய ஒரு ஆபத்து உண்டு. முதுகு சாய்க்கும் வசதி நாற்காலியிலேயே இருப்பதால், மரமில்லாத வெட்டவெளியிலும் உட்காரலாம் என்ற எண்ணம் வந்துவிடும். மரத்தில் சாய்வது முதுகுக்காக மட்டும் இல்லை. உங்கள் குரலைப் பெட்டை என்று நினைத்துப் பின்னால் இருந்து வரும் இன்னொரு வேட்டைக்காரரின் சிதறு குண்டுக்கு அந்த மரம்தான் கவசம். நாற்காலியானாலும் முதுகுச் சட்டம் மரத்தை ஒட்டியே இருக்கட்டும்.

*மரத்தில் பட்டை கட்டித் தொங்கும் ஊஞ்சல் இருக்கை.* சரிவான நிலத்தில் அற்புதம், ஈரத்தரையும் படாது. இருட்டில் பட்டையை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து இறுக்குவதற்குள் ஆகும் சத்தத்தையும் அசைவையும் யோசித்துக்கொள்ளுங்கள். முன்விளிம்பில் குறுக்குக்கம்பி இருந்தால் தொடையின் அடியை அறுக்கும்.

*காற்றடைத்த மெத்தை.* பையில் கைக்குட்டை அளவு இடம்தான் எடுக்கும். நம் ஓட்டு இதற்கு இல்லை. முள்கொடி ஒன்று குத்தினால் அன்றைய நாள் முடிந்தது. குத்தாவிட்டாலும் உடம்பைத் திருப்பும்போது ரப்பர் தேய்கிற கீச்சொலி வரும். முக்காலி ஸ்டூலும் பிளாஸ்டிக் வாளியும் புறா வேட்டைக்குச் சரி, இங்கே வேண்டாம்.

நான்காம் படி: மெத்தையைச் சோதிப்பது

உட்காரும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் இடுப்பெலும்பின் இரண்டு முனைகளில் இறங்குகிறது. பிட்டத்துக்கு அடியில் கையை வைத்து உட்கார்ந்து பார்த்தால் இரண்டு குமிழ்கள் உள்ளங்கையில் அழுத்தும், அவைதான். மெத்தையின் வேலை அந்த இரண்டு புள்ளிகளின் பாரத்தைப் பரப்பிக் கொடுப்பது. மெத்தெனச் சுகமாக இருக்கும் ஸ்பாஞ்சு அந்த வேலையைச் செய்யாது. குமிழ்கள் அதைத் துளைத்துக்கொண்டு தரையைத் தொட்டுவிடும்.

சோதனை எளிது. சிமெண்ட் தரையில் மெத்தையைப் போட்டு இருபது நிமிடம் உட்காருங்கள். பிறகு எழாமலே, விரல்களை மெத்தைக்கும் தரைக்கும் நடுவில், குமிழுக்கு நேர்கீழே நுழையுங்கள். எலும்பின் வடிவம் விரலில் தனியாகத் தெரிந்தால் அந்த மெத்தை உங்கள் எடைக்குப் போதாது. 70 கிலோக்காரருக்கு மூன்று செ.மீ. மூடிய துளை ஃபோம் போதும், 95 கிலோவுக்கு ஐந்து செ.மீ. வேண்டியிருக்கும். கீழே கெட்டியான அடுக்கு, மேலே கொஞ்சம் மிருதுவான அடுக்கு என்று இரண்டாக இருப்பது ஒரே அடுக்கைவிட நன்றாக உழைக்கும்.

அடுத்தது தண்ணீர். திறந்த துளை ஸ்பாஞ்சு மண்ணின் ஈரத்தை அப்படியே உறிஞ்சும். வசந்த கால அதிகாலையில் நனைந்த ஸ்பாஞ்சுமேல் உட்காருவது ஐஸ் பெட்டிமேல் உட்காருவது மாதிரிதான். சமையலறைத் தராசில் மெத்தையை எடைபோட்டு, பத்து நிமிடம் தண்ணீரில் அமுக்கி, உதறிவிட்டு மறுபடி எடைபோடுங்கள். சில பத்து கிராம் கூடினால் உறைத் துணியின் ஈரம், பரவாயில்லை. எடை இரட்டித்தால் உள்ளே இருப்பது ஸ்பாஞ்சு. விளம்பர அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செலவு வேண்டாம் என்றால், தோட்டச் சாமான் கடையில் முட்டிபோடுவதற்கு விற்கும் ஈவிஏ ஃபோம் பட்டையை இரண்டாக வாங்குங்கள். பக்கம் பக்கமாக வைத்து, முரட்டுத் துணியில் ஒரு உறை தைத்து, மேலே தோளில் மாட்ட ஒரு நாடா வைத்தால் கடை மெத்தைக்குச் சளைத்ததில்லை. உறைக்கு ஜிப் வேண்டாம், மடித்துத் தையுங்கள். பட்டைகள் சிவப்பிலும் நீலத்திலும்தான் அதிகம் வரும், உறை கிழிந்து அந்த நிறம் வெளியே தெரியக் கூடாது. சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில்தான் இருக்கும். அந்த நிறங்களில் ஒரு துண்டு தெரிந்தாலும் இன்னொரு வேட்டைக்காரர் உங்களைச் சேவல் என்று நினைக்க வாய்ப்புண்டு.

ஐந்தாம் படி: சத்தம்

இரவு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, இருக்கையை இரண்டு அடி தள்ளி வையுங்கள். விரியுங்கள், உட்காருங்கள், இடுப்பை இடமும் வலமும் திருப்புங்கள், எழுங்கள், மடக்குங்கள். பிறகு கேட்டுப் பாருங்கள். பகலில் காதில் விழாத எல்லாம் அதில் கேட்கும்.

கீச்சென்று ஒலிப்பது பெரும்பாலும் ரிவெட் மூட்டு. மெழுகுவத்தியைத் தேய்த்து நாலைந்து தடவை மடக்கி விரித்தால் அடங்கும். குழாயும் குழாயும் மோதும் டொக் சத்தத்துக்கு, மோதும் இடத்தில் துணி டேப்பை இரண்டு சுற்று சுற்றுங்கள், அதோடு பளபளப்பும் மறையும். பக்கிளின் க்ளிக் சத்தத்துக்கு மருந்து இல்லை, உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மெதுவாகப் பூட்டப் பழக வேண்டும். வெல்க்ரோ இருந்தால் பிரித்தெடுத்துவிட்டு மரப் பொத்தான் தையுங்கள். அந்தப் பர்ர் சத்தம் அமைதியான காட்டில் வெகுதூரம் போகும், அப்படி ஒரு ஒலி காட்டில் எந்த உயிரும் எழுப்புவதில்லை.

ஆறாம் படி: ஒத்திகை

வாங்கிய மறுநாளே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், வேட்டை உடையோடு கொல்லைப்புற மரத்தடியில் ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள். கையில் துடைப்பக் கட்டை போதும். எப்போது முதலில் அசையத் தோன்றியது, உடம்பில் எந்த இடத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடமே குறையைக் காட்டிவிடும்.

பிட்டத்தில் வலி என்றால் மெத்தை மெலிவு. தொடையின் அடியில் ஊசி குத்துவது போல் இருந்தால் முன்விளிம்பு நரம்பை அழுத்துகிறது. விளிம்பு உருண்டையாக உள்ள இருக்கைக்கு மாறுங்கள், அல்லது பாதத்தை இன்னும் உள்ளே இழுத்து வையுங்கள். கீழ்முதுகு வலித்தால், முழங்கால் இடுப்பைவிட மிக மேலே இருப்பதால் இடுப்பெலும்பு பின்பக்கம் சாய்ந்து முதுகு வளைகிறது. மெத்தையின் பின்பாதிக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்துப் பின்பக்கத்தை மட்டும் இரண்டு செ.மீ. உயர்த்தினாலே பலருக்கு வலி போய்விடும். இடுப்பு வளைவில் சுருட்டிய சட்டையை வைப்பதும் உதவும்.

நாற்காலி என்றால் தாங்கும் எடையையும் பாருங்கள். 225 பவுண்ட், அதாவது 102 கிலோ என்று போட்டிருந்தால் உங்கள் எடையோடு உடை, பூட்ஸ், துப்பாக்கி, வெஸ்ட் எல்லாம் சேர்த்துப் பத்து கிலோ கூட்டிக் கணக்குப் போடுங்கள். மெல்லிய கால்கள் ஈர மண்ணில் புதைந்து சாயும். அதற்கு அகலப் பாதம் உள்ளதாகவோ, இரண்டு கால்களையும் இணைக்கும் அடிக்குழாய் உள்ளதாகவோ எடுங்கள்.

காட்டில் உட்காரும் முறை

இருக்கை எவ்வளவு நல்லதானாலும் போடும் இடம் தப்பினால் பயனில்லை. தோளைவிட அகலமான, தலையைவிட உயரமான மரத்தைத் தேர்ந்தெடுங்கள். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று பாருங்கள். அடுத்து டார்ச்சை மரப்பட்டைமேல் அடியுங்கள். முடி முடியாகச் சல்லிவேர் விட்ட தடித்த கொடி மரத்தோடு ஒட்டி ஏறியிருந்தால் அது பாய்சன் ஐவியாக இருக்கலாம். வசந்தத்தின் தொடக்கத்தில் இலை இல்லாமல் இருக்கலாம், அதனால் மூன்றிலைக் கொத்தைத் தேடி ஏமாறாதீர்கள். இலையில்லாத கொடியின் எண்ணெயும் முதுகெல்லாம் கொப்புளம் போட வைக்கும்.

மரத்தின் இரண்டு வேர்களுக்கு நடுவில் உள்ள பள்ளம் இயற்கையே செய்த இருக்கை. அங்கே காய்ந்த இலைகளைக் காலால் ஒதுக்கி மண் தெரியும்வரை துடைத்துவிடுங்கள். பாதம் படும் இடத்திலும் அப்படியே. சருகு இருந்தால் பிறகு குதிகாலை ஒரு அங்குலம் நகர்த்துவதும் அம்பலமாகிவிடும். சரிவில் கீழ்நோக்கிப் பார்த்து உட்கார்ந்தால் மெத்தை வழுக்கிக்கொண்டே போகும். அடிப்பக்கம் சொரசொரப்பான ரப்பர் உள்ள மெத்தை அங்கே கைகொடுக்கும், குதிகாலுக்குச் சின்னப் பள்ளமும் தோண்டுங்கள்.

வலது கைக்காரர் சேவல் வரும் திசைக்கு இடது தோளைக் காட்டி உட்கார வேண்டும். துப்பாக்கி இடப்பக்கம் வெகுதூரம் திரும்பும், வலப்பக்கம் கொஞ்சம்தான் திரும்பும் என்பதுதான் காரணம். இடது கைக்காரருக்கு இதைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். இருக்கை சரியாகப் பொருந்தினாலும் எப்போதாவது அசைந்தே தீர வேண்டும். சேவலின் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும் நொடியிலோ, தோகையை விரித்து முதுகைக் காட்டித் திரும்பும் நொடியிலோ அசையுங்கள். வேறொரு மனிதர் வருவதைப் பார்த்தால் கையை ஆட்டாதீர்கள், வாய்விட்டுச் சத்தமாகப் பேசுங்கள். கை அசைவு கோழியின் அசைவு போலத் தெரியலாம்.

தரையில் உட்காருவதன் மிகப் பெரிய தொல்லை உண்ணி. கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும், லோன் ஸ்டார் உண்ணி கடித்தால் சிலருக்கு மாட்டிறைச்சியே ஒவ்வாமல் போய்விடும். இருக்கைத் துணியிலும் பேண்ட்டிலும் 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற உண்ணிக்கொல்லித் தெளிப்பானை அடித்து, நிழலில் முழுக்கக் காயவிட்ட பிறகு பயன்படுத்துங்கள். தோலில் அடிக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்வரை வீட்டுப் பூனை அருகில் வரக் கூடாது, அதற்கு அது விஷம். தோலில் பூசும் டீட் என்ற பூச்சிவிரட்டி மருந்து சில வகைப் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பூசிய கையோடு பக்கிளைத் தொடாமல் துடைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மெத்தையைக் காரின் டிக்கியில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். டிக்கிச் சூட்டில் ஃபோம் நிரந்தரமாக அமுங்கிப்போகும், ஈரம் பூஞ்சையாகும். நிழலில் நிறுத்திக் காயவையுங்கள், மேலே கனம் எதையும் வைக்காதீர்கள். பக்கிள் இல்லாத தனி மெத்தை வைத்திருப்பவர்கள் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நாடா ஒரு துண்டு தைத்துக்கொள்ளுங்கள். சேவல் கூவிய திசைக்கு அவசரமாகக் கிளம்பும்போது மரத்தடியில் விடுபட்டுப் போவது பெரும்பாலும் மெத்தைதான், காட்டோடு கலந்து மறையும் கேமோ நிறத்தில் செய்த மெத்தையைச் சருகுக்குள் தேடிக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதில்லை.